காது பழக ஜெர்மன் பாட்டு எது?

கேள்வி:
ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இலக்கணம் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. பழையதோ புதியதோ, காதுக்குப் பழக நல்ல பாட்டுகள் சொல்லுங்கள்.

பதில்:
நேனா என்ற ஜெர்மன் குழுவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ (1983). மெட்டு துள்ளும், கதையோ வானில் பலூன்களைக் கண்டு மிரண்டவர்கள் போரில் இறங்கி உலகையே பாழாக்குவது. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்துத்தான் குழுவின் கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸுக்கு இது தோன்றியது. ஆங்கில வடிவமும் உண்டு. என் நாக்குக்கு அது உப்பில்லாத கஞ்சி.

பதில்:
தொடக்கத்திலேயே அவ்வளவு வேகமா? லாலே ஆண்டர்சன் 1939இல் பதிவு செய்த ‘லிலி மார்லேன்’ நிதானமாக நடக்கும். 1941இல், உலகப் போரின் நடுவே, ஜெர்மன் படையின் பெல்கிரேடு வானொலி ஒலிபரப்ப, எதிரணிச் சிப்பாய்களும் காது கொடுத்தார்கள்.

பதில்:
ராம்ஸ்டைன் என்ற மெட்டல் இசைக்குழுவின் ‘டூ ஹாஸ்ட்’ (1997) இலக்கணமே சொல்லித்தரும். ‘உன்னிடம் இருக்கிறது’, ‘நீ வெறுக்கிறாய்’ இரண்டுக்கும் ஒரே ஒலி. எழுத்தில்தான் ஒரு ‘ஸ்’ கூடும். ‘கேட்டாய்’ என்ற வினை கடைசியில் வந்த பிறகே, அது வெறுப்பு அல்ல, இறந்தகாலத் துணைவினை என்று முடிச்சு அவிழும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
லிலி மார்லேனை நான்கு தடவை கேட்டேன். ‘லாட்டெர்னே’ என்றால் விளக்கு என்று அகராதி பார்க்காமலே பிடிபட்டது! ராம்ஸ்டைன், அப்பா வெளியே போனதும்.