ஒரே டிவி, ஒரே ரேஸ்: தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து எஃப்1 பார்த்த அனுபவங்கள்

பிட்லேன்_மதுரை

போன ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸின்போது வீட்டில் ஒரு சின்னச் சண்டை. கமென்ட்ரியில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தங்கைக்கோ மீதிப் பாதி புரியவே இல்லை. வருஷக்கணக்காகப் பார்ப்பவனையும், சும்மா சோபாவில் வந்து உட்கார்ந்தவரையும் ஒரே ஒளிபரப்பு எப்படித்தான் கட்டி இழுக்கும்? யாரோடாவது சேர்ந்து பார்த்த ரேஸ் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். நல்லதும் சரி, கடுப்பானதும் சரி.

மெதுவாகப்போ

எனக்கு 2019 ஹங்கேரி. மாமனாரோடு பார்த்தேன். கிரிக்கெட் தவிர வேறு எதையும் விளையாட்டாகவே மதிக்காதவர். ஞாயிறு சாயங்காலம் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் முதன்முதலாக போல் பொசிஷன் (எல்லோருக்கும் முன்னாலிருந்து கிளம்பும் முதல் இடம்) எடுத்த ரேஸ் அது. அவர் முன்னால், ஹாமில்டன் பின்னாலேயே. ஹங்கேரி டிராக்கில் முந்துவது கஷ்டம். "என்ன மாப்பிள்ளை, ஒருத்தனும் ஒருத்தனைத் தாண்ட மாட்டேங்கிறானே?" என்று நாலைந்து முறை கேட்டுவிட்டார்.

48ஆவது சுற்றில் ஹாமில்டன் இரண்டாவது தடவை டயர் மாற்ற உள்ளே போனார். வெளியே வந்தபோது சுமார் இருபது விநாடி பின்னால். "அவ்வளவுதான், போச்சு" என்று மாமனார் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் எதுவும் விளக்கவில்லை. "இன்னும் இருபத்திரண்டு சுற்று இருக்கு, எத்தனை விநாடி பின்னாலன்னு திரையில வர்ற அந்த நம்பரை மட்டும் பாருங்க மாமா" என்றேன். உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே, "அட, இது ரன் ரேட் கணக்கு!" என்றார். அப்புறம் என்னிடம் கேள்வியே இல்லை. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மிச்சம் எவ்வளவு என்று அவர்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 67ஆவது சுற்றில் ஹாமில்டன் முந்தியபோது எழுந்து நின்று கைதட்டினார்.

இதில் கவனியுங்கள்: திரையில் ரொம்ப நேரம் இரண்டு கார்களும் ஒன்றாகத் தெரியவே இல்லை. அந்த ஒரு எண்தான் ரேஸ். எனக்கு அதற்குப் பின்னால் இருப்பதும் தெரியும். மூன்றாவதாக இருந்த ஃபெராரி வெகுதூரத்தில் இருந்ததால் இடம் பறிபோகும் பயம் ஹாமில்டனின் அணியான மெர்சிடீஸுக்கு இல்லை. வெர்ஸ்டாப்பன் பதிலுக்கு உள்ளே வந்தால் முதலிடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான், வராவிட்டால் பழைய டயரோடு தாக்குப்பிடிக்க வேண்டும். இதெல்லாம் மாமனாருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது அதே எண்ணைத்தான். புதியவர்களுக்கு எண்கள் பிடிக்காது என்று டிவிக்காரர்கள் ஏன் நினைக்கிறார்களோ!

ஆன்போர்டு_பிரியை

எண் சரி. படத்தைத் தேர்ந்தெடுப்பவர் சொதப்பினால்?

2021 மொனாக்கோ. ஓட்டுநர் வெட்டல் பிட்டிலிருந்து (டயர் மாற்றும் இடம்) வெளியே வருகிறார், இன்னொரு ஓட்டுநர் காஸ்லி பக்கத்திலேயே. மேட்டில் இரண்டு காரும் ஒட்டி ஏறுகின்றன. மொனாக்கோவில் இப்படி ஒரு காட்சி கிடைப்பதே அபூர்வம். டக்கென்று திரை மாறி, லான்ஸ் ஸ்ட்ரோல் ஒரு வளைவில் கெர்ப் (டிராக் ஓரத் திட்டு) மேல் ஏறி இறங்கிய ரீப்ளே! நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. (அந்த ரேஸின் படப்பிடிப்பை அப்போதெல்லாம் உள்ளூர்க்காரர்களே செய்தார்கள். 2023இலிருந்துதான் எஃப்1 நிர்வாகமே எடுத்துக்கொண்டது.)

சரி, இனி தொல்லையில்லை என்று பார்த்தால் 2025 சிங்கப்பூர். ஹாமில்டனுக்கு பிரேக் கோளாறு, கடைசியில் அலோன்சோ துரத்துகிறார், அதை ஒழுங்காகக் காட்டவே இல்லை. காதலிகளையும் பிரபலங்களையும் காட்டுவது அளவு மீறிப் போய்விட்டது என்று ஓட்டுநர் சைன்ஸே வெளிப்படையாகக் குறை சொன்னார். கேட்டால் புதிய ரசிகர்களுக்காக என்பார்கள். எங்கள் அக்கா சுத்தப் புதுசு. யாரோ நடிகர் முகம் வந்ததும் அவள் கேட்டது, "காரு எங்கடி?"

டயரில் எவ்வளவு மிச்சம், முந்தும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று போடும் கிராஃபிக்ஸ் எனக்கு வேண்டாம். அணிகளின் உள்விவரம் இல்லாத ஊகம் அது. புதியவர் உண்மை என்று நம்பிவிடுவார்.

கரிமேடு அல்ல, கரி ஸ்பீட்வே

நான் கோயமுத்தூர். 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ. நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஓட்டிய வருஷம், அவருக்காகவே ரேஸ் பார்க்காதவர்களும் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்தார்கள். ஃபார்மேஷன் லேப் (ரேஸுக்கு முந்தைய ஒத்திகைச் சுற்று) முடிந்து கிரிட்டுக்கு (கார்கள் வரிசையாக நின்று கிளம்பும் இடம்) வர வேண்டிய கார்களில் 14 அப்படியே பிட்டுக்குள் போய்விட்டன. ஆறே கார் நிற்கிறது. பெரியப்பா, "ஏன்டா, மத்தவங்க எல்லாம் எங்க போறாங்க?"

அந்த ராத்திரி பழுத்த ரசிகனும் பெரியப்பாவும் ஒன்றுதான். சாய்வான கடைசி வளைவைத் தாங்காத மிஷெலின் டயர், வெள்ளிக்கிழமை அங்கே ரால்ஃப் ஷூமாக்கர் மோதியது, அந்த டயர் போட்டவர்கள் பயந்து விலகியது என்று முதலிலிருந்து கோத்துச் சொன்னால்தான் யாருக்கும் விளங்கும். பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட மூன்று அணிகள் மட்டும் ஓட்டின. நரேன் நான்காவது, 5 புள்ளி. எஃப்1இல் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். பெரியப்பாவுக்கு அந்த டயர் விவகாரம் இன்றைக்கும் அத்துப்படி.

லண்டன்_வாசி

இங்கே பழைய ஆட்கள் மர்ரே வாக்கர், ஜேம்ஸ் ஹன்ட் கமென்ட்ரி ஜோடியைத்தான் சொல்வார்கள். ஒருவர் ஆவேசமாகக் கத்துவார், 1976 சாம்பியனான மற்றவர் ஏன் என்று சொல்லுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக்காம். இன்றைக்கும் எல்லா ஊர்க் கமென்ட்ரியும் ஏறக்குறைய அந்த அச்சுதான்.

ஆளுக்கொரு ஒளிபரப்பு என்றும் முயன்று பார்த்தார்கள். 2023 ஹங்கேரி ரேஸுக்கு ஸ்கை டிவி, சிறுவர்களையே பேசவைத்துத் தனி ஒளிபரப்பு போட்டது, ஓட்டுநர்களுக்குக் கார்ட்டூன் உருவங்களோடு. மகளுக்காக வைத்தேன். ஆசையாகத்தான் தொடங்கினாள், பாதியில் "அப்பா, நீங்க பாக்கிறதையே போடுங்க" என்றாள். இப்போது என்னோடுதான் பார்க்கிறாள். ரேஸுக்கு முன்னால் கமென்டேட்டர் மார்ட்டின் பிரண்டில் கிரிட்டில் நடந்து பிரபலங்களைப் பிடித்துப் பேசுவாரே, அவளுக்கு அது உயிர். அந்த நேரத்தில் நான் போய்க் குக்கர் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.