புதுப்பிப்பு: அழகர்மலை அடிவாரத்தில் வெளியூர் மாடுகள் மேய்ந்த பிரச்சினை

பங்குனியில் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் ஊர்க் கரட்டில் இருநூறு மாடுகள் இறங்கி மேய்கின்றன, ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் இடமெல்லாம் மிதிபடுகிறது, யாரிடம் போவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியதில் மூன்று வாரம் போய்விட்டது. "முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. எந்த சர்வே எண் நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். கரட்டின் மேல்பகுதி காப்புக்காடு, கீழே மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கு விட்ட அரசு நிலம். காப்புக்காட்டில் அனுமதியின்றி மேய்ப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வனத்துறைக்கு எழுதியதும் நான்காம் நாள் வனவர் வந்து எல்லைக்கல்லைக் காட்டினார்.

எதிர்பாராதது ஒன்று. அவை கிடை மாடுகள், அதாவது எருவுக்காக ராத்திரி வயலில் அடைத்து வைக்க ஓட்டிவரும் மந்தை. "உங்க ஊர்க்காரங்கதான் தம்பி வரச் சொன்னாங்க" என்றார் மந்தையை ஓட்டிவந்த கீதாரி. உண்மைதான். எரு வேண்டி ராத்திரி வயலில் கிடை போடச் சொன்னவர்கள், பகலில் அவை எங்கே மேயும் என்று யோசிக்கவில்லை. கீதாரிமேல் கோபப்பட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சரி, இப்போது கிடை கேட்பவர்களே அறுவடையான வயலைப் பகல் மேய்ச்சலுக்கும் விடுகிறார்கள்.

சரளைக்கல் நிறத்தில் ஆள்காட்டியின் நான்கு முட்டைகள். மாடு ஒதுங்கிப் போக அவற்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டவர் அந்தக் கீதாரிதான். மூன்று பொரித்துவிட்டன.