பிரிட்டிஷ் மந்திரப் பள்ளிக் கதைகள்: சில சொற்கள் புரியவில்லை

ஜெலுத்தோங் வாசகி:
மந்திரப் பள்ளியை வைத்து எழுதும் ரசிகர் கதைகள் படிக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவனுக்கு வயது 11 என்கிறார்கள். நம் மலேசியாவில் படிவம் 1க்கு, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டுக்கு, 13 ஆச்சே? சாயங்கால 'டீ'க்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும் வருகிறது. ஷில்லிங் கணக்கும் பிடிபடவில்லை.

செந்தூல் அண்ணன்:
இங்கிலாந்தில் இடைநிலைப்பள்ளி 11 வயதிலேயே தொடங்கும்மா. செப்டம்பரில் ஆரம்பித்து மூன்று தவணை. ஒவ்வொன்றின் நடுவிலும் வழக்கமாக ஒரு வார 'ஹாஃப் டெர்ம்' விடுமுறை. மாணவர்கள் திடீரென வீட்டில் இருந்தால் அதுதான் காரணம். 'டீ' என்பது வட இங்கிலாந்தில் இரவுச் சாப்பாடு. 'புட்டிங்' என்றால் கஸ்டர்டு மட்டுமில்லை, சாப்பாட்டுக்குப் பின் வரும் எந்த இனிப்பும்.

ஷில்லிங்: 12 பென்ஸ் 1 ஷில்லிங், 20 ஷில்லிங் 1 பவுண்டு. ஆக பவுண்டுக்கு 240 பென்ஸ். 1971 பிப்ரவரி 15 முதல் ஷில்லிங் கணக்கு போய், பவுண்டுக்கு 100 பென்ஸ் ஆனது. 1990களில் நடக்கும் கதையில் சாதாரணக் கடைக்காரர் ஷில்லிங்கில் விலை சொன்னால் எழுதியவர் தவறிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று, அக்கா. 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் அது கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. இதைத் தப்பாகப் புரிந்தால் பாத்திரத்தின் குடும்ப வசதியே தலைகீழாகிவிடும். 'பேண்ட்ஸ்' அங்கே உள்ளாடை. நாம் போடுவது 'டிரவுசர்ஸ்'. 'ஜம்பர்' கம்பளிச் சட்டை.

ஜெலுத்தோங் வாசகி:
நன்றி அண்ணா, தம்பி. அந்தப் 'பேண்ட்ஸ்' காட்சியை மறுபடி படிக்கணும்.