டைம்ஷேர் பாயிண்ட்ஸ் போட்டு மெக்சிகோ ஆல்-இன்க்ளூசிவ் போறது உண்மையிலேயே லாபமா?

டல்லாஸ்காரன்:
வணக்கம் மக்களே, ஒரு குழப்பம், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ஆர்லாண்டோல எங்களுக்கு டைம்ஷேர் (ரிசார்ட்ல வருஷத்துக்கு சில நாள் தங்குற உரிமை) இருக்கு, அதுக்கு வருஷா வருஷம் பாயிண்ட்ஸ் வரும். போன வருஷம் எங்கயும் போக முடியல, பாயிண்ட்ஸ அப்படியே ஆர்சிஐல (டைம்ஷேர வேற ரிசார்ட்டுக்கு மாத்திக் குடுக்கிற எக்ஸ்சேஞ்ச் கம்பெனி) டெபாசிட் பண்ணி வச்சேன். இப்ப ஏப்ரல் கடைசில மெக்சிகோல கான்கூனுக்கு கீழ இருக்கிற ரிவியேரா மாயா பக்கம் ஒரு ஆல்-இன்க்ளூசிவ் (சாப்பாடு, சரக்கு எல்லாம் சேத்தது) பீச் ரிசார்ட், 2 பெட்ரூம், பாயிண்ட்ஸும் ரொம்ப கம்மியா காட்டுது. சந்தோஷமா புக் பண்ண போனா கீழ சின்ன எழுத்துல கட்டாய ஆல்-இன்க்ளூசிவ் கட்டணம்னு போட்டிருக்கு, பெரியவங்களுக்கு தலைக்கு ஒரு நாளைக்கு 120 டாலர், பசங்களுக்கு 60. நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு, ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மா. 7 நாளைக்கு 4,200 டாலர் வருது. எக்ஸ்சேஞ்ச் ஃபீ தனியா கிட்டத்தட்ட 300. அதே ரிசார்ட்ட பணம் கட்டி நேரா புக் பண்ணா ரெண்டு ரூமுக்கு 6,300 கேக்குறான். அப்ப 1,800 மிச்சம்தானே? இல்ல நான் எதையாவது விட்டுட்டேனா?

நெல்லை_கணக்கு:
விட்டுட்டீங்க தம்பி. டைம்ஷேருக்கு வருஷா வருஷம் கட்டுற மெயின்டனன்ஸ் ஃபீய ஏன் கணக்குல சேக்கல? அந்த பாயிண்ட்ஸ் என்ன சும்மாவா வந்துச்சு?

டல்லாஸ்காரன்:
வருஷத்துக்கு 1,450 கட்டுறேன் அண்ணாச்சி. ஆனா அது போனாலும் போகாட்டியும் கட்டித்தானே ஆகணும்?

நெல்லை_கணக்கு:
எல்லாரும் இததான் சொல்லுவாங்க. கட்டித்தான் ஆகணும், சரி. ஆனா அந்த பாயிண்ட்ஸ வச்சு வேற எங்க போயிருக்கலாம்னு பாக்கணும்லா? 4,200, 300, 1,450, மொத்தம் 5,950. 6,300ல இருந்து கழிச்சா வெறும் 350 டாலர். அந்த 350க்காக தேதியும் அவன் குடுக்கிறதுதான், ரூமும் அவன் குடுக்கிறதுதான்.
நல்லா கேட்டுக்கோங்க, பாயிண்ட்ஸ் ரூமுக்குத்தான், தட்டுக்கு இல்ல. ஆல்-இன்க்ளூசிவ்ல செலவுல பெரிய பங்கு சோறும் சரக்கும்தான், ரூம் சின்ன பங்கு. நீங்க பாயிண்ட்ஸ் குடுத்து அந்த சின்ன பங்கத்தான் வாங்குறீங்க, பெரிய பங்க கையில இருந்து டாலரா குடுக்கீங்க. ஆர்லாண்டோல அதே 2 பெட்ரூம்ல 6 பேரோ 8 பேரோ படுத்தாலும் தலைக்கு காசு கிடையாது, சமைச்சுக்க கிச்சனும் இருக்கு. ஆள் கூடக் கூட பாயிண்ட்ஸுக்கு அங்க மதிப்பு ஏறுது, இங்க இறங்குது. நீங்க ரெண்டு பேர் மட்டும் போனா நான் வாய தொறக்க மாட்டேன். 6 பேர் போறதுக்கு இது சரியான இடமே இல்ல.

ஹூஸ்டன்_கோவைக்காரி:
நெல்லை அண்ணா, கணக்கு சரிங்க, ஆனா ஒரு வரி உங்க கணக்குல வரவே இல்லைங்க. ஆர்லாண்டோல கிச்சன் இருக்குனு சொல்றீங்களே, அந்த கிச்சன்ல யார் நிக்கறாங்க? நாங்க 5 வருஷம் கிச்சன் இருக்கிற ரிசார்ட்டா பாத்து போனோம்ங்க, காலைல தோசை, மத்தியானம் பார்க்குக்கு கட்டிட்டு போற லெமன் சாதம், ராத்திரி பாத்திரம், ஒரு வாரம் லீவ்ல நானும் அத்தையும் வீட்ல பண்ற வேலையேதான் வேற ஊர்ல போய் பண்ணிட்டு வந்தோம். மொத தடவ கான்கூன் ஆல்-இன்க்ளூசிவ் போனப்ப எங்க அத்தை மூணாவது நாள் கடல பாத்துட்டே, "எனக்கு யாரோ காப்பி கொண்டாந்து குடுக்கறாங்க கண்ணு"ன்னாங்க. 68 வயசுங்க. அதுக்கு நீங்க எத்தன டாலர் போடுவீங்க?

நெல்லை_கணக்கு:
தங்கச்சி, அத நான் குறைச்சு பேசல. ஆனா அந்த காப்பிக்கு டைம்ஷேர் தேவையே இல்லையே. சேத்து வச்ச காசுல நேரா ஒரு ரிசார்ட் புக் பண்ணி கூட்டிட்டு போங்க, அத்தை அங்கயும் உக்காந்து காப்பி குடிப்பாங்க. இன்னொன்னு கேக்கேன், அத்தை சைவமா? குடிக்காத, சைவம் சாப்பிடுற பெரியவங்களுக்கும் அதே 120தான்.

ஹூஸ்டன்_கோவைக்காரி:
சுத்த சைவங்க. மொத நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு, மறைக்கல. பீன்ஸ் மசிச்சு வச்சிருப்பாங்க, பாத்தா நம்ம பருப்பு மாதிரி இருக்கும், அங்க வழக்கமா பன்னிக் கொழுப்புல தாளிக்கறது. சோறு கோழி சாறுல வேக வச்சிருப்பாங்க. போற சைவக்காரங்க ரெண்டே வார்த்தைய மனப்பாடம் பண்ணிக்கங்க, "சின் மான்டேகா"ன்னா கொழுப்பு இல்லாம, "சின் கால்டோ டே போயோ"ன்னா கோழி சாறு இல்லாம. மொத நாளே சமையல்காரரப் பாத்து சொல்லிட்டா தனியா பண்ணி குடுப்பாங்க, எங்களுக்கு குடுத்தாங்க. சோள டார்டியா, அவகாடோ, பப்பாளி, மாங்கானு அத்தைக்கு ஒரு குறையும் இல்லைங்க. காசுக்கு ஏத்த அளவு சாப்பிட்டாங்களான்னு கேட்டா இல்லைதான், ஒத்துக்கறேன்.

பழைய_ஓனர்:
17 வருஷமா ஆர்சிஐ, அதே மாதிரி இன்டர்வல்னு இன்னொரு கம்பெனி, ரெண்டுலயும் மாத்தி மாத்தி போயிட்டு இருக்கேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. முதல்ல இந்த கட்டணம் ரெண்டு வகை. கட்டாயம்னா ரூம்ல தங்குற ஒவ்வொருத்தரும் கட்டணும், வேணாம்னு சொல்ல முடியாது, பெரும்பாலும் செக்-இன் அப்ப ரிசார்ட்லதான் வாங்குவாங்க. விருப்பம்னா வேணும்னா மட்டும் வாங்கிக்கலாம், அந்த மாதிரி இடத்துல ரூம்ல கிச்சனும் இருக்கும். தேடும்போதே ரிசார்ட் விவரத்துல இது எழுதியிருக்கும், ஆனா யாரும் அதுவரைக்கும் படிக்கிறதில்ல. பசங்க எந்த வயசு வரைக்கும் பசங்கன்னு ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும், உங்க பெரியவனுக்கு 13 ஆயிருந்தா அவன் கணக்கே மாறிரலாம், போன் பண்ணி கேளுங்க. ஒரு தடவ போன ரிசார்ட்டுக்கே திரும்ப எக்ஸ்சேஞ்ச்ல வர சில இடத்துல 3, 4 வருஷம் காத்திருக்கணும்.
ரெண்டாவது, பாயிண்ட்ஸ் ஏன் கம்மியா காட்டுதுன்னு யாருமே கேக்கல. அந்த கரீபியன் கரை முழுக்க சர்காசம்னு ஒரு பழுப்பு கடல்பாசி ஒதுங்கும், சுமார் ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அதோட காலம், குவிஞ்சு அழுகினா கெட்ட முட்ட வாடை. எல்லா வருஷமும் எல்லா நாளும் வராது, ஆனா பீச்சுக்குன்னே போறவங்க தெரிஞ்சுட்டு போகணும். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் புயல் சீசன், 2005 அக்டோபர்ல வில்மா கான்கூன் கடற்கரை மணலையே அள்ளிட்டு போச்சு. மணலும் நீலமும் வேணும்னா பசிபிக் பக்கம் பாருங்க, புவெர்ட்டோ வல்லார்ட்டா, நுவேவோ வல்லார்ட்டா, அங்க இந்த பாசி தொல்லை கிடையாது. கட்டாயம் இல்லாத ரிசார்ட்டும் அங்க கிடைக்குது.

பே_ஏரியா_குமரி:
எல்லாரும் கட்டணத்த பத்தி பேசுறீங்க, எனக்கு நடந்தத சொல்லணும். எக்ஸ்சேஞ்ச்லதான் மெக்சிகோ போனோம். செக்-இன் முடிஞ்சதும் ஒருத்தர் பக்கத்துல வந்து, நாளைக்கு காலைல 90 நிமிஷம் பிரேக்ஃபாஸ்ட், வந்தீங்கன்னா ஆல்-இன்க்ளூசிவ் கட்டணத்துல பாதி தள்ளுபடின்னார். ஒரு தலைக்கு இவ்வளவுன்னு கட்டி மனசு நொந்திருக்கிற நேரம் பாத்து கேட்டா யார் வேணாம்பா? 90 நிமிஷம் 4 மணி நேரம் ஆச்சு, பசங்க அழ ஆரம்பிச்சாச்சு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து புது டைம்ஷேர் வாங்குங்கன்னு வெல குறைச்சுகிட்டே இருந்தாங்க, கடைசில எங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்டுட்டார். ராத்திரி பூரா தூங்கல. பிறகு படிச்சுப் பாத்தா மெக்சிகோ சட்டப்படி கையெழுத்து போட்டு 5 வேலை நாளுக்குள்ள எழுத்துல குடுத்தா அபராதம் இல்லாம ரத்து பண்ணலாம்னு இருக்கு. நாலாவது நாள் எழுதி குடுத்து, வாங்கினதுக்கு கையெழுத்தும் வாங்கினோம். அந்த உரிமைய நீங்க விட்டுக்குடுத்தாச்சுன்னு ஒரு தாள காட்டினாங்க, அதெல்லாம் செல்லாது, அங்க நுகர்வோர் சட்டத்துல இருக்கிற உரிமைய எழுதி குடுத்து இழக்க முடியாது. பணம் வர 3 மாசம் ஆச்சு.

பழைய_ஓனர்:
சரியா செஞ்சீங்க. ஃப்ளோரிடால இதே 10 நாள், ஊருக்கு ஊர் மாறும். இன்னொரு விஷயம், கடற்கரைல இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வெளிநாட்டுக்காரங்க நேரா நிலம் வாங்க மெக்சிகோ அரசியலமைப்பு விடாது, அதனால அங்க டைம்ஷேர்னு விக்கிறது பெரும்பாலும் இத்தன வருஷம் தங்கலாம்னு ஒரு பயன்பாட்டு உரிமை, பத்திரம் இல்ல. அப்புறம் உங்க டைம்ஷேர வாங்க ஆள் ரெடி, முதல்ல மெக்சிகோ வரி கட்டுங்கன்னு போன் வந்தா பேசாம வச்சிருங்க. இதுல போதை கும்பலே இருக்கு, 2019ல இருந்து 2023க்குள்ள அமெரிக்கால சுமார் 6,000 பேர் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் இழந்ததா புகார் இருக்கு, நிறைய பேர் வயசானவங்க.

நெல்லை_கணக்கு:
இதுக்குத்தான் சொல்லுதேன். தலைக்கு கட்டணம்னு வெளியில வச்சுட்டு உள்ள இழுக்காங்க.

ஹூஸ்டன்_கோவைக்காரி:
வேணாம்னு சொன்னா தீந்துதுங்க. நாங்க ரெண்டு தடவையும் செக்-இன்ல நன்றி வேணாம்னு சொல்லிட்டு நேரா ரூமுக்கு போயிட்டோம், ஒருத்தரும் தொந்தரவு பண்ணல. பயந்துட்டு பெத்தவங்கள கடலுக்கு கூட்டிட்டு போகாம இருக்கறது சரியில்லைங்க. அவங்க எத்தன வருஷத்துக்கு ஒருக்கா அமெரிக்கா வர்றாங்க?

நெல்லை_கணக்கு:
கூட்டிட்டு போக வேண்டாம்னு சொல்லலியே. வழி தப்புங்கேன், அவ்வளவுதான். அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா கையில இருந்தா மெக்சிகோவுக்கு தனி விசா வேண்டாம், அது ஒரு நல்ல விஷயம், திரும்பி உள்ள வர மல்டிபிள் என்ட்ரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

டல்லாஸ்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து திரும்ப தேடினேன். பெரியவனுக்கு 13 ஆகுது, அந்த ரிசார்ட்ல போன் பண்ணி கேட்டா 12 வரைக்கும்தான் பசங்களாம், அப்ப 4,200 கிடையாது, 4,620. அத விட்டுட்டேன். பழைய ஓனர் சொன்ன மாதிரி நுவேவோ வல்லார்ட்டால கட்டாயம் இல்லாத ஒன்னு கிடைச்சிருக்கு, 2 பெட்ரூம், கிச்சனோட, அதே பாயிண்ட்ஸ்தான், டல்லாஸ்ல இருந்து நேர் ஃப்ளைட்டும் இருக்கு. ஆல்-இன்க்ளூசிவ் வேணும்னா அங்க நாள் கணக்குல வாங்கிக்கலாமாம், 3 நாளைக்கு மட்டும் எல்லாருக்கும் வாங்கலாம்னு இருக்கேன்.

நெல்லை_கணக்கு:
3 நாளும் வேண்டாம், ஒரு நாள் வாங்கி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மத்தபடி சரியான முடிவு.

ஹூஸ்டன்_கோவைக்காரி:
நல்லதுங்க. மிச்சம் 4 நாள் யார் சமைக்கறாங்க?

டல்லாஸ்காரன்:
நான்தான். அம்மாகிட்டயும் வீட்லயும் சொல்லியாச்சு. புளி, தக்காளி, பூண்டு, சீரகம், கொத்தமல்லி எல்லாம் மெக்சிகோ கடைலயே கிடைக்கும், கறிவேப்பிலை ஒன்னுதான் இல்ல, ரசத்துக்கு அது இல்லாம சமாளிச்சுக்குவேன்.