பூடில் மிக்ஸ் நாய் எங்க வீட்டுக்கு செட் ஆகுமா?

தும்மல்வீடு:
நானும் அவரும் வேலைக்குப் போறோம், பகல்ல மாமியார் மட்டும்தான் வீட்ல, அவங்களுக்கு முட்டி வலி. பையன் நாய் வேணும்னு ஒரே அடம், ஆனா அவருக்கு நாய் கிட்ட வந்தாலே தும்மல். லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது), காக்கப்பூ (காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது) எல்லாம் முடி கொட்டாது அலர்ஜியே வராதுங்கறாங்களே, நம்பி வாங்கலாமா?

நாலுகால்நண்பன்:
அலர்ஜி வராதுன்னு அடிச்சு சொல்றவங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க. தும்ம வைக்கிறது முடி இல்லங்க, எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்குற புரதம். 2012ல வந்த ஒரு ஆய்வுல லாப்ரடூடில் மாதிரி நாய்ங்களோட முடியில அந்தப் புரதம் மத்த நாய்ங்கள விட கம்மியா இல்ல, ஜாஸ்தியாவே இருந்துச்சு. லாப்ரடூடில பிரபலமாக்கினதே ஆஸ்திரேலியால பார்வையற்றோர் வழிகாட்டி நாய் பழக்குற அமைப்புல இருந்த வாலி கான்ரன்தான், 1989ல, கணவருக்கு அலர்ஜி இருந்த ஒரு பார்வையில்லாத பெண்ணுக்காக. பொறந்த மூணு குட்டில ஒண்ணுதான் அந்தக் கணவருக்கு ஒத்துப்போச்சு. அதனால உங்க வீட்டுக்காரர் குட்டிய கொஞ்ச நேரம் மடியில வச்சிருந்து பாக்கட்டும், ஒருதடவ இல்ல, பலதடவ.

சீப்பும்கத்தரியும்:
நான் நாய்ங்களுக்கு க்ரூமிங் பண்றேன், அதாவது முடி சீவி வெட்டி விடற வேலை. கொட்டாத முடி எங்க போகும்? உள்ளயே சிக்கிக்கும். மேலாப்புல ப்ரஷ் பண்ணிட்டு சூப்பரா இருக்குன்னு கூட்டிட்டு வருவாங்க, காதுக்குப் பின்னாடி, அக்குள், காலர் போடற இடம்னு தோலோட ஒட்டி ஜடையா இருக்கும், அப்புறம் மொட்டைதான் வழி, திட்டு மட்டும் எனக்கு. சீப்பு தோல் வரைக்கும் போகணும், ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா முடி வெட்டணும். குட்டி முடி மாறி பெரிய முடி வர்ற சமயம் இன்னும் மோசம். காதுக்குள்ளயும் முடி வளரும், ஈரம் நின்னா இன்ஃபெக்ஷன்.

தும்மல்வீடு:
ஐயோ இவ்ளோ வேலையா! சின்ன சைஸ்னா பரவால்லயா?

வாக்கிங்வாலு:
சின்ன சைஸ்னா சீவ வேண்டிய முடி அளவு கம்மி, அவ்ளோதான். பூடில் தண்ணில வேட்டைக்குப் பழக்கின நாய், மூளை சும்மா இருக்காது, தனியா விட்டா குரைக்கும், கடிச்சுக் குதறும். பெரிய சைஸ் குதிச்சா உங்க மாமியார் பாவம். கலப்புல குட்டி யார் மாதிரி வரும்னும் சொல்ல முடியாது, அதனால என் ஓட்டு வளர்ந்த நாய தத்தெடுக்கறதுக்கு, குணமும் முடியும் கண்ணால பாத்துரலாம். குட்டியேதான்னா தாய் தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு, முட்டி, கண் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. முதல்ல காலைல யார் வாக்கிங் போவீங்கன்னு சொல்லுங்க, பையன்னு மட்டும் சொல்லாதீங்க 😄