கவுன்சிலர் பதவிக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர், அவர்களிடம் என்ன கேட்பது?

மூணாங்கட்டை:

வணக்கம். எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்கே ஒரு தோட்டப்புறப் பட்டணம். அந்தக் காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, இரண்டு தாமான் (வீடமைப்புப் பகுதி), அப்புறம் தோட்டத்து இரும்புக் கேட்டுக்கு உள்ளே தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள். மாவட்ட மன்றத்துக்குப் புதுத் தவணை உறுப்பினர்களை நியமிக்கப் போகிறார்கள், எங்கள் பக்கமிருந்து மூன்று பேரின் பெயர் போயிருக்கிறதாம். நமக்கு ஓட்டு இல்லாத பதவிதான், ஆனாலும் மூன்று பேரும் போன வாரம் கோவில் மண்டபத்துக்கு வந்து பேசினார்கள்.

ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சுக்காய் பிந்துவை, அதாவது மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரியை, ஏற்ற விடமாட்டேன் என்றார், நல்ல கைதட்டல். இரண்டாமவர் வியாபாரி. தோட்டத்தில் ஒரு பகுதி வீடமைப்புக்கு வரப்போகிறது, ஆள் கூடினால் கிளினிக் வரும், வங்கி வரும், மன்றத்துக்கு வரிப்பணமும் கூடும் என்றார். மூன்றாமவர் பாலர் பள்ளி நடத்துகிற இளம்பெண். புது வீடு அப்புறம், முதலில் இருக்கிற லோங்காங்கை (சாக்கடையை) வாருங்கள், குப்பை லோரி வாரம் மூன்று முறை ஒழுங்காக வரட்டும் என்றார்.

கேட்கும்போது மூன்றுமே சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். தெருவிளக்கு தோட்டத்துக் கேட்டோடு நின்றுவிடும், அதற்கப்புறம் கைப்பேசி வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். மழை நாளில் செம்பனை லோரி போன தடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். அதைப் பற்றி மூன்று பேருமே வாய் திறக்கவில்லை. வரும் வெள்ளி மறுபடி வருகிறார்கள். என்ன கேட்டால் உருப்படியான பதில் வரும்?

ஓய்வுகிராணி:

தம்பி, முதலில் வரியைப் பார்ப்போம், கைதட்டல் அங்கேதான் விழுந்தது என்கிறீர்கள். நிலவரி வேறு, அது நில அலுவலகத்துக்குப் போவது. சுக்காய் பிந்து மன்றத்துக்கு, வருடத்தில் இரண்டு தவணை, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மன்றம் மதிப்புப் போட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்குகிறது. பேச்சுக்கு, மாதம் 500 ரிங்கிட் வாடகை போகும் வீடு என்றால் வருட மதிப்பு 6,000. விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 360, தவணைக்கு 180. விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் 171.

இப்போது கவனியுங்கள். விகிதத்தைத் தொடாமலேயே வரி ஏறும். அந்தச் சட்டம் மதிப்பீட்டுப் பட்டியலை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் போடச் சொல்கிறது, மாநில அரசு விரும்பினால் தள்ளிப்போடலாம். பட்டியல் மாறி வருட மதிப்பு ஏறினால் விகிதம் அப்படியே இருந்தாலும் பில் ஏறும். ஆசிரியர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், ஒரு தனி உறுப்பினர் 'ஏற்ற விடமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: புதுப் பட்டியல் எப்போது வருகிறது, வந்தால் ஆட்சேபக் கடிதம் எழுத எங்களுக்கு உதவுவீர்களா? எழுத்தில் ஆட்சேபிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நோட்டீஸ் வந்ததும் தேதியைப் பாருங்கள், கெடு தாண்டினால் கடிதத்தை வாங்கமாட்டார்கள்.

லோரிக்காரன்:

நான் 9 வருடம் குப்பை லோரி ஓட்டியவன், எந்த ஊர் என்று சொல்லவில்லை. லயத்துக் கேட்டுக்கு முன்னால் லோரியைத் திருப்பு என்பதுதான் எங்களுக்கு உத்தரவு. உள்ளே இருப்பது தனியார் நிலம், ரூட்டில் இல்லை. அதனால் லயத்து மக்கள் குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட் ஓரத்தில் வைப்பார்கள். தோங் (குப்பைத் தொட்டி) நிறைந்துவிடும், நாயும் காக்கையும் கிழித்துப் போட்டிருக்கும், திங்கட்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போவார்கள். நான் பலமுறை இறங்கி மண்வெட்டியால் அள்ளியிருக்கிறேன். அள்ளாமல் போக மனசு வரவில்லை.

அந்தப் பாலர் பள்ளி அம்மா வாரம் மூன்று முறை என்றது நல்லதுதான். ஆனால் எந்தத் தெரு வரைக்கும் என்று கேளுங்கள். பேராக்கில் குப்பை இன்னும் மன்றத்தின் கையில்தான், பகாங், ஜொகூர், கெடா மாதிரி 2011இல் கூட்டரசிடம் (மத்திய அரசிடம்) போகவில்லை. ஆக ரூட்டை மாற்றுவது மன்றத்தால் ஆகிற காரியம், கோலாலம்பூரைக் கைகாட்ட முடியாது.

தாமான்வாசி:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை நேராகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நாங்கள் தாமானில் இருப்பவர்கள் வருடா வருடம் வரி கட்டுகிறோம். எங்கள் பின்சந்து லோங்காங்கே நாலு மாதமாக அடைத்துக் கிடக்கிறது, புழு நெளிகிறது. இந்த நிலையில் வரி கட்டாத இடத்துக்கும் எங்கள் பணத்திலேயே செய் என்றால் எப்படி? லயத்துக்குத் தோட்ட முதலாளிதானே பொறுப்பு?

ஆயாக்கொட்டகை:

தாமான்வாசி அண்ணே, கோபம் இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறீர்கள். முதலாளிதான் பொறுப்பு, 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 அதற்குத்தான் இருக்கிறது, தொழிலாளி வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம், சுத்தம் எல்லாம் அதில் வரும். ஆனால் இன்று லயத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்? என் அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், தம்பி பட்டணத்துப் பட்டறையில் வேலை. நிர்வாகத்திடம் போனால் இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்கிறார்கள். மன்றத்திடம் போனால் அது எங்கள் நிலம் இல்லை என்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் அலைந்து அலைந்தே அப்பாவுக்கு 74 வயதாகிவிட்டது.

வரி கட்டாத இடம் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. தோட்டம் மன்ற எல்லைக்குள் இருக்கிறதா, நிர்வாகம் அந்த நிலத்துக்கு மன்றத்துக்கு என்ன கட்டுகிறது, அந்தப் பணத்துக்கு லயத்துக்கு என்ன திரும்பி வருகிறது? வெள்ளிக்கிழமை இதைக் கேளுங்கள். போன வருடம் டிங்கிக் காய்ச்சல் லயத்தில் ஆரம்பித்து எங்கள் தாமானில் மூன்று வீட்டுக்கு வந்தது, அப்போது எல்லோரும் ஒரே மருத்துவமனையில்தான் படுத்திருந்தோம்.

அப்புறம் அந்த வியாபாரி சொன்ன வளர்ச்சி. வீடு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு வீடு என்று கேளுங்கள். லயம் உடைபட்டால் அங்கே இருப்பவர்களுக்கு அதே இடத்தில் வீடு உண்டா, பள்ளி நிலமும் கோவில் நிலமும் யார் பெயரில் இருக்கிறது? நகர் திட்டமிடல் சட்டம் 172இன்படி வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், கருத்தும் ஆட்சேபமும் எழுதக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும். போன முறை வைத்தார்களாம், எங்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த முறை அந்த நோட்டீஸை லயத்துக் கோவில் சுவரில் ஒட்டுவேன் என்று ஒருவர் சொன்னால் போதும், அவரை நான் நம்புவேன்.

ஓய்வுகிராணி:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. இதோடு இன்னொன்று. சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு கொடுக்கும் மாரிஸ் மானியம், பதிவான சாலையின் நீளத்தைப் பார்த்துத்தான் வரும். தோட்டத்துச் சாலை பதிவில் இல்லை, அதனால் ஒரு காசு வராது. நிர்வாகம் அந்தத் துண்டு நிலத்தை அரசிடம் ஒப்படைத்து, அது பொதுச் சாலையாகப் பதிவானால்தான் தார் போட வழி பிறக்கும். கேட்டிலிருந்து கடைசி லயம் வரை உள்ள அந்தச் சாலைக்கு மனுப் போடுவீர்களா, எந்த மாதம் போடுவீர்கள்? மூன்று பேரிடமும் இதே ஒரு கேள்வியை வைத்தால் தராதரம் தெரிந்துவிடும்.

ஓட்டு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1951இல் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மன்றத் தேர்தல் நடந்தது, 1957இல் அந்த நகரின் முதல் மேயராக வந்தவர் டி.எஸ். இராமநாதன், நம்மவர். 1965இல் இந்தோனேசியாவோடு இருந்த மோதல் நேரத்தில் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. கேட்கவில்லை. 1976 சட்டத்தோடு நியமனம் நிரந்தரமாகிவிட்டது. பினாங்கு திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

ஆனால் சட்டம் 171இன் 23ஆவது பிரிவைப் படியுங்கள். மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. தீர்மானம் போட்டு வெளியேற்றினால் தவிர, நாம் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை காவலாளி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், பார்க்க வந்தேன் என்றதும் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அன்று எங்கள் பகுதி உறுப்பினர் இரண்டரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுமுறை நாங்கள் ஆறு பேர் போனோம். எங்களைப் பார்த்தார், எழுந்து லோங்காங்கைப் பற்றிக் கேட்டார்.

தாமான்வாசி:

இந்தக் கூட்டம் திறந்தது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. ஆயாக்கொட்டகை அக்கா, டிங்கியில் படுத்த மூன்று வீட்டில் ஒன்று என் பக்கத்து வீடு, அதை மறந்துவிட்டு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். எங்கள் பின்சந்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூணாங்கட்டை:

எல்லோருக்கும் நன்றி, கிராணி ஐயாவுக்குத் தனி நன்றி. மூன்று பேருக்கும் ஒரே தாள் கொடுக்கப் போகிறேன்: கேட் தாண்டிய சாலைக்கு மனு, லயம் வரை குப்பை ரூட், வரைவுத் திட்ட நோட்டீஸைக் கோவிலில் ஒட்டுவது, தாமான் பின்சந்து. பக்கத்தில் மாதத்தை எழுதி அங்கேயே கையெழுத்துக் கேட்பேன். போடாதவர் ஏன் என்று சபையில் சொல்லட்டும்.

கூட்டம் வெள்ளி இரவு 8 மணி. லயத்துப் பெரியவர்களை ஏற்றிவரப் பள்ளி வேன் பேசியாயிற்று, 7:30க்குக் கடைசி லயத்திலிருந்து கிளம்பும். லோரிக்கார அண்ணே, பக்கத்து ஊர் என்றால் நீங்களும் வாருங்கள். அந்தக் கேட் ஓரத் தோங்கைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.