தமிழ் விளங்குகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில். உங்கள் பிள்ளைகள் எப்படி?

ஸ்கார்பரோ அம்மா:
மகளுக்கு ஒன்பது வயது. தமிழில் என்ன சொன்னாலும் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான். சனிக்கிழமை தமிழ் வகுப்பென்றால் அழுகை. கனடா நாடாளுமன்றம் 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதிலிருந்து எங்கு பார்த்தாலும் பொங்கல் விழா, அதற்குப் பாவாடை கட்டி ஆட மட்டும் முதல் ஆளாக நிற்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வீடியோவில் வந்தால் ஒரு "ஹாய்", அடுத்த நொடி போன் என் கையில். அதுதான் தாங்கவில்லை.

டர்பன்வாசி:
நான் திருச்சிக்காரன், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருடம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கினார்களே, அப்படி வந்தவர்களின் வாரிசுகள்தான் என் அக்கம்பக்கம். பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான். ஆனால் ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விடமாட்டார்கள், அதற்குப் பெயர் "போரிட்ஜ் பிரேயர்". என் வீட்டு ஓனரம்மா தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எனக்கு ஒரு பதிகம்கூட முழுதாகத் தெரியாதே என்று வெட்கமாகிவிட்டது. மொழி போனாலும் எல்லாம் போய்விடாது, பயப்படாதீர்கள்.

கிள்ளான்காரன்:
டர்பன் அண்ணே, அது மொழி போன பிறகு மிஞ்சியதன் கதை. இவங்களுக்கு மொழி இன்னும் கையில் இருக்கு, பேச அம்மம்மாவும் இருக்காங்க. மலேசியாவில் 500க்கும் மேல் தமிழ்ப் பள்ளிகள் உண்டு, என் பையன் அதில்தான் படிக்கிறான், திடலில் சண்டை போடுவதும் தமிழில்தான். மலாய் மொழியில் நடக்கும் தேசியப் பள்ளிக்குப் போகும் அக்கா பிள்ளைகள் அப்படியே உங்கள் மகள் மாதிரி. வகுப்பைவிட, தமிழில் சண்டை போட ஒரு கூட்டாளியைப் பிடித்துக் கொடுங்கள்.

சனிக்கிழமை அகதி:
அக்கா, நானும் அழுதுகொண்டே அந்த வகுப்புக்குப் போன ஆள்தான், இப்போது 24 வயது. எனக்குத் தமிழ் வந்தது அப்பம்மா எங்களோடு வந்திருந்த இரண்டு வருடத்தில். அவவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது, டிவி ரிமோட்டை வாங்கவே தமிழ் தேவைப்பட்டது. அவ போனபிறகு நான் வாயை மூடியதற்குக் காரணம் மாமாமார். "ழ" வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் யாரும் சிரிக்கிறீர்களா?

ஸ்கார்பரோ அம்மா:
சிரித்தோம் தம்பி. போன விண்டரில் "குளிருது" என்று சொல்ல வந்தவள் அம்மம்மாவிடம் "எனக்குக் குளிக்குது" என்றாள். அம்மா அங்கே விழுந்து விழுந்து சிரிக்க, நான் இங்கே அதைத் தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் போனை என்னிடம் தள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு இரவு முதலில் அம்மாவோடு கதைக்க வேண்டும்.